நான்கெல்லைக்கு உட்பட்ட பக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதிய கிரயப் பத்திரங்கள் இரண்டை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படித்தால், முதலில் கண்ணில் படுவது அவற்றின் ஒற்றுமை. எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், இருவருடைய தகப்பனார் பெயர் என்ன, தொகை எவ்வளவு, சர்வே நம்பர் என்ன, நான்கு திசையிலும் என்ன இருக்கிறது. மாறுவது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்ற வரிகள் வார்த்தை பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்ற உறுதி, பின்னால் ஏதாவது கிளம்பினால் விற்றவரே முன்னின்று தீர்த்துத் தருவார் என்ற பொறுப்பு, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்ற முடிவு வரி, எல்லாம் அதே வார்ப்பு.

இணையதளம் கட்டுகிறவர்கள் இன்று செய்வதும் இதுதான். ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ற மென்பொருளில் டெம்ப்ளேட் ஒன்றை ஒரு தடவை எழுதிவிடுவார்கள். பக்கங்கள் ஆயிரம் இருந்தாலும் அதே டெம்ப்ளேட்டில் வார்த்தெடுக்கப்படும். டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-ல் வெளியிட்ட ஜெக்கில் என்ற மென்பொருள் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்தியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், மூன்று சிறு கோடுகள் போட்ட இரண்டு வரிகளுக்கு நடுவே, அந்தப் பக்கத்துக்கு மட்டும் உரிய விவரங்களைப் பெயரிட்டு எழுதிவைக்க வேண்டும். தலைப்பு இன்னது, தேதி இன்னது, எழுதியவர் இன்னார். இந்தத் தலைப்பகுதிக்கு ஃப்ரண்ட் மேட்டர் என்று பெயர். அதில் உள்ள விவரங்கள் பேஜ் வேரியபிள்கள். டெம்ப்ளேட்டில் 'இந்தப் பக்கத்தின் தலைப்பு இங்கே' என்று ஓர் இடம் விட்டிருக்கும். ஜெனரேட்டர் அந்த இடத்தில் உரிய சொல்லைக் கொண்டுவந்து வைக்கும்.

மாறாததிலிருந்து மாறுவதைப் பிரித்தெடுத்துத் தலையில் தனியே எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. சென்னைக்கு மேற்கே உள்ள இந்த ஊர்களில் நிலம் கைமாறிய கதையைப் பின்தொடர்ந்தால், அது எப்படிப் படிப்படியாக வந்தது என்பதைப் பார்க்கலாம்.

சோழர் காலத்தில் அம்பத்தூரும் திருமுல்லைவாயிலும் புழல் கோட்டத்தில் இருந்தன. பூந்தமல்லி புலியூர்க் கோட்டத்தில் இருந்தது. சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. தொண்டை மண்டலத்துக் கோயில் சுவர்களில் உள்ள கொடைக் கல்வெட்டுகளைச் சிலவாவது வாசித்தவருக்கு அவற்றின் கட்டுமானம் பழகிவிடும். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று மங்கலமாகத் தொடங்கும். அடுத்து அரசன் பெயரும் அவனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும். பிறகு கோட்டம், நாடு, ஊர். பிறகு கொடுத்தவர், கொடுத்த பொருள். நந்தா விளக்கு ஒன்றுக்கு என்றால் சாவா மூவாப் பேராடு தொண்ணூறோ தொண்ணூற்றாறோ வரும். நிலம் என்றால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நான்கெல்லை சொல்லி, அவற்றுக்கு உட்பட்டதை உண்ணிலம் ஒழிவின்றிக் கொடுத்ததாக வரும். சந்திரன் சூரியன் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்பதும், பன்மாகேசுவரர் காவல் என்பதும் கடைசியில் வரும்.

கல்தச்சர் கையில் அந்த வார்ப்பு ஊறியிருந்தது. ஆனால் மாறும் விவரத்தைத் தனியாகக் காட்ட அவருக்கு எந்த ஏற்பாடும் இல்லை. எழுத்து இடைவெளியின்றி ஓடும். புள்ளி பெரும்பாலும் வைக்கப்படாது. கொடுத்தவர் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அரசன் பெயரில் இருந்தது. சோழ அரசர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். விசயாலயன் பரகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, உத்தம சோழன் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. 'கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு' என்று தொடங்கி எண்ணை மட்டும் சொல்லும் கல்வெட்டு கிடைத்தால், அது எந்த நூற்றாண்டு என்று தீர்மானிப்பதற்குள் ஆய்வாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பராந்தகன் மதுரையை வென்ற பிறகு 'மதிரை கொண்ட' என்ற அடைமொழி சேர்ந்ததால் அவனுடைய கல்வெட்டுகளில் பல இந்தக் குழப்பத்திலிருந்து தப்பின. மற்றவற்றுக்கு எழுத்தின் வடிவம், குறிப்பிடப்படும் அதிகாரிகள், அரசிகள் என்று சுற்றி வளைத்துத்தான் காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. எண் இருக்கிறது, ஆனால் அது யாருடைய எண் என்பது இல்லை.

முதலாம் இராசராசன் 985-ல் பட்டத்துக்கு வந்தான். தன் எட்டாம் ஆட்சியாண்டை ஒட்டி மெய்க்கீர்த்தி என்ற புகழுரையைக் கல்வெட்டுகளின் தலையில் வைக்கும் வழக்கத்தை நிலைப்படுத்தினான். நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே பாடம். புது வெற்றி வந்தால் அதில் ஒரு பகுதி கூடும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடாரம் இடம்பெற்றிருந்தால், 1025-ஐ ஒட்டி நடந்த அந்தப் படையெடுப்புக்குப் பிந்தைய கல்வெட்டு என்று கொள்ளலாம். புகழுக்காக எழுதியது, காலம் சொல்லும் அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஜெனரேட்டர் மொழியில் சொன்னால், தளம் முழுமைக்கும் உரிய ஒரு பகுதியை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சேர்த்துவிட்டார்கள். அதன் கீழே அந்தந்த ஊரின் சொந்த விவரம் வந்தது.

விஜயநகரக் காலத்துச் செப்பேடுகளில் நில உரிமையைச் சொல்ல இன்னொரு நிலையான தொடர் வேரூன்றியது: நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். இவை எட்டும் அஷ்டபோகம். நிலத்தில் கிடைக்கும் புதையலிலிருந்து அங்குள்ள நீர், கல், இனி உண்டாகக்கூடிய வரவு வரை எல்லாம் வாங்குபவருக்கே என்று பொருள். அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவர் 1970-களில் வாங்கிய அரை கிரவுண்டு மனைப் பத்திரத்திலும் அஷ்டபோகம் வந்தது. 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்' வந்தது. சிலர் இதை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்த சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவார்கள். அது சரியல்ல. முழு உரிமை என்றால் என்ன என்பதை ஒரு சமூகம் பல தலைமுறையாக யோசித்துக் கோத்துவைத்த வரி அது. ஒரு சொல்லை விட்டால் அந்தச் சொல்லுக்குரிய உரிமையில் பின்னால் தகராறு வரலாம் என்ற அச்சத்தில்தான் எழுத்தர்கள் அதில் கை வைக்கவில்லை.

விவரத்தைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் முயற்சி இந்த வட்டாரத்தில் பெரிய அளவில் நடந்தது 18-ஆம் நூற்றாண்டில். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிரில் பூந்தமல்லிச் சீமையும் அடக்கம். அந்த ஜாகிரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அளந்து பதிவு செய்தார். ஊருக்கு ஊர் கேட்கப்பட்டவை ஒரே கேள்விகள்: நிலம் எவ்வளவு, ஏரி எத்தனை, வீடு எத்தனை, யார் யார் குடியிருக்கிறார்கள், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் தமிழில் எழுதிவைத்திருந்த கணக்குதான் அதற்கு அடிப்படை. கேள்வி மாறாமல் இருந்ததால்தான் இருநூறு வருஷம் கழித்து ஆய்வாளர்கள் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடிந்தது.

கல்வெட்டுகளுக்கும் பின்னாளில் அதே வைத்தியம் நடந்தது. அரசின் கல்வெட்டுத் துறை 1880-களிலிருந்து படியெடுத்த ஒவ்வொன்றுக்கும் எண்ணும் வருஷமும் கொடுத்து, ஆண்டறிக்கையில் பட்டியல் போட்டது. இடம் ஒரு கட்டத்தில், வம்சமும் அரசனும் ஒன்றில், ஆட்சியாண்டு ஒன்றில், மொழி ஒன்றில், சுருக்கம் ஒன்றில். கல்லில் கலந்து கிடந்ததைப் பிரித்தெடுத்துக் கட்டத்தில் போட்டது, வெட்டிய தச்சருக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் பிற்பட்ட ஒருவர்.

பதிவு அலுவலகத்தில் அந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கியது. இன்று நடப்பில் உள்ள பதிவுச் சட்டம் 1908-ஆம் வருஷத்தது. அதற்கு முன் 1864, 1866-ஆம் வருஷச் சட்டங்கள் இருந்தன. இந்தச் சட்டத்தைப் பத்திரம் எழுதத் தெரியாதவரும் ஒருமுறை படிக்கலாம். எது பக்கத்துக்கு உரியது என்று அது அத்தனை தெளிவாகச் சொல்கிறது. 21-ஆம் பிரிவின்படி, சொத்தை அடையாளம் காணப் போதுமான வர்ணனை இல்லாவிட்டால் பத்திரத்தைப் பதிவுக்கே ஏற்கக் கூடாது. நகரத்து வீடு என்றால் எந்தத் தெருவில், தெருவின் எந்தப் பக்கம் என்று இருக்க வேண்டும். மற்ற நிலம் என்றால் எந்த வட்டாரம், பரப்பு எவ்வளவு, எந்தச் சாலையையும் யாருடைய சொத்தையும் ஒட்டியிருக்கிறது என்று இருக்க வேண்டும். கோயில் சுவரின் நான்கெல்லை சட்டத்துக்குள் ஏறிவிட்டது. பத்திர எழுத்தர் வாயில் அது 'சக்குபந்தி' ஆனது. 20-ஆம் பிரிவு வரிகளுக்கு இடையே செருகிய எழுத்து, விட்டுப்போன காலியிடம், அழித்தல், திருத்தல் எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுத்தவர் கையெழுத்தோ முதலெழுத்தோ போட்டு உறுதிசெய்யாவிட்டால் பத்திரத்தை மறுக்கலாம் என்கிறது. காலியிடத்தோடு ஒரு பத்திரம் வெளியே போவது எவ்வளவு ஆபத்து என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

பதிவான பத்திரத்துக்கு எண் கொடுப்பதிலும் கவனம் இருந்தது. 53-ஆம் பிரிவின்படி எண்வரிசை வருஷத்தோடு தொடங்கி வருஷத்தோடு முடியும். அதனால் பத்திர எண்ணைச் சொல்லும்போது வருஷத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பரகேசரி எண்ணுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

அடுத்தது அட்டவணை. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் நகலெடுக்கப்பட்டன. அந்த நகலிலிருந்து குமாஸ்தா இரண்டு அட்டவணைகள் தயாரிப்பார். முதல் அட்டவணையில் ஆட்களின் பெயர், இரண்டாவதில் 21-ஆம் பிரிவு கேட்கும் சொத்து விவரம். வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போட்டால் அலுவலகத்தில் புரட்டியது பத்திரங்களை அல்ல, இந்த அட்டவணைகளைத்தான். ஹ்யூகோ போன்ற ஜெனரேட்டர்கள் எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியையும் வாசித்து 'இவர் எழுதியவை', 'இந்த ஊர் பற்றியவை' என்று பட்டியல் பக்கங்களைத் தாமே உண்டாக்குகின்றன. குமாஸ்தா செய்ததும் அதே வேலை. வேறுபாடு ஒன்றுதான்: அவர் உரைநடையைப் படித்து, புரிந்துகொண்டு, பெயரையும் சர்வே நம்பரையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் பத்திரம் சரியாக இருந்தும் வில்லங்கத்தில் அது தெரியாது.

இந்த ஏற்பாட்டின் மேல் பெரும் பாரம் ஏறியது சுதந்திரத்துக்குப் பிறகு. அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஆலை, ஆவடியில் 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் லேயவுட்டுகளாகின. ஏக்கரும் சென்டுமாக இருந்த கணக்கு கிரவுண்டுக்கு மாறியது. கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி; இருபதுக்கு அறுபது என்றால் அரை கிரவுண்டு.

லேயவுட்டில்தான் வார்ப்பின் முழுப் பயன் தெரிந்தது. ஒரே சர்வே நம்பர், ஒரே மூலப்பத்திரம், விற்பவர் ஒருவரே. மாறுவது வாங்குபவர் பெயர், மனை எண், சக்குபந்தி. 14-ஆம் எண் மனைக்கு எழுதும்போது கிழக்கே 15-ஆம் எண் மனை, மேற்கே 13-ஆம் எண் மனை, வடக்கே இருபதடிச் சாலை. அடுத்த பத்திரத்தில் எல்லாம் ஒன்று நகரும். ஜெக்கிலில் முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்று இரண்டு வேரியபிள்கள் உண்டு. அவற்றை யாரும் எழுத வேண்டாம். ஜெனரேட்டரே தேதி வரிசை பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும். பத்திர எழுத்தருக்கு அந்த வசதி இல்லை. வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, எந்த மனை எந்த மூலையில் திரும்புகிறது, சாலை எங்கே குறுக்கிடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் எழுதினார். மூலை மனையில்தான் தவறு அதிகம் வரும். அங்கே வரிசை உடைகிறது, கை மட்டும் பழக்கத்தில் ஓடுகிறது.

கையெழுத்து போய்த் தமிழ்த் தட்டச்சு வந்தது. பிறகு கணினி வந்தது. கணினி ஒரு புதுத் தொல்லையையும் கூடவே கொண்டுவந்தது. போன வாரம் எழுதிய பத்திரக் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, எண்ணை மாற்றி, அச்செடுப்பது எளிதாகிவிட்டது. வாங்குபவர் பெயர் ஒரு பத்திரத்தில் ஏழெட்டு இடத்தில் வரும். ஆறு இடத்தில் மாற்றி, ஒன்றில் பழைய பெயர் தங்கிவிட்டால், அது கையெழுத்தாகிப் பதிவாகி, பல வருஷம் கழித்து வங்கிக் கடனுக்குப் போகும்போது வக்கீல் கண்ணில் படும். பிறகு பிழைத்திருத்தல் பத்திரம், விற்றவரைத் தேடி அலைச்சல், அவர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்து. பெயரைத் தலையில் ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களெல்லாம் அதைப் பார்த்து நிரம்பிக்கொள்ளும் முறை இருந்திருந்தால் இந்த அலைச்சல் பாதி மிச்சம். பேஜ் வேரியபிள் என்ற சின்ன ஏற்பாட்டின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

தமிழகப் பதிவுத்துறை 2000-ஐ ஒட்டி 'ஸ்டார்' என்ற கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2018-ல் 'ஸ்டார் 2.0' வந்தது. இப்போது வரிசை தலைகீழ். பதிவு நாளுக்கு முன்பே எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சர்வே நம்பர், பரப்பு, சக்குபந்தி எல்லாவற்றையும் இணையத்தில் கட்டம் கட்டமாக உள்ளிட வேண்டும். துறையின் தளத்தில் உள்ள மாதிரி ஆவணங்களைத் தேர்ந்தெடுத்தால் அந்த விவரங்களை வைத்து வரைவும் தயாராகும். கல்லில் விவரம் உரைக்குள் புதைந்திருந்தது. பதிவுப் புத்தகத்தில் உரை முடிந்த பிறகு பிரித்தெடுத்தார்கள். இப்போது விவரம் முதலில், உரை பிறகு.

ஆனால் எல்லா விவரத்தையும் பொது இடத்துக்கு ஏற்றிவிடக் கூடாது. ஜெனரேட்டரில் பக்கத்துக்கு உரிய வேரியபிள் தவிரத் தளம் முழுமைக்கும் உரிய வேரியபிளும் உண்டு. அதை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களும் மாறும். தளத்தின் பெயருக்கு அது சரி. அம்பத்தூரின் மாவட்டத்துக்கு? பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததும் அதன் பெயர். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்குப் போனது. அடுத்த வருஷம் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. இந்தப் பெயரைத் தளத்தின் பொது வேரியபிளாக வைத்திருந்தால், 1972-ஆம் வருஷப் பத்திரமும் ஒரே இரவில் சென்னை மாவட்டம் என்று பேசத் தொடங்கியிருக்கும். அது பொய். எழுதிய நாளில் எது உண்மையோ அதைப் பக்கத்தோடு பிணைத்துவைக்க வேண்டும். பத்திர எழுத்தர்கள் புதுப் பத்திரத்தில் 'முந்தைய செங்கல்பட்டு மாவட்டம், தற்போது சென்னை மாவட்டம்' என்று இரண்டையும் எழுதியது நல்ல தீர்வு. டெம்ப்ளேட் எழுதும் இளைஞர்கள் அவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னும் தீராத ஒரு விஷயம் சக்குபந்தியில் இருக்கிறது. 'வடக்கே இன்னார் நிலம்' என்று எழுதினால் அந்த இன்னார் இறந்துபோவார், விற்றுவிட்டுப் போவார், அவர் நிலமே நான்காகப் பிரியும். பக்கத்து மனையின் விவரத்தைச் சுட்டும் வரி இது, ஆனால் அங்கே ஏற்படும் மாற்றம் இங்கே வந்து சேராது. ஹ்யூகோவில் ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டும் குறிப்பை அதற்கான முறைப்படி எழுதியிருந்தால், சுட்டப்பட்ட பக்கம் காணாமல் போகும்போது தளம் கட்டும் வேலையே பிழை காட்டி நின்றுவிடும். நிலத்துக்கு அப்படி ஒரு தானியங்கிச் சோதனை இல்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் தொடர்ந்து படித்து, புலப்படத்தோடு ஒத்துப்பார்த்து, மனையில் போய் நின்று அளந்துதான் உறுதிசெய்ய வேண்டும். அண்மைக் காலத்து வில்லங்க விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். இணையத்தில் ஏறாத பழைய விவரம் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். குமாஸ்தா தயாரித்த அந்த இரண்டு அட்டவணைகளில் கையால் தேடித்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.